பத்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே

சுவரொட்டியின் கீழ்விளிம்பில்
பல்வரிசைபோல் வெட்டிவிட்ட பன்னிரண்டு துண்டுகள்,
துண்டுக்குத் துண்டு என் அலுவலக எண்.
படகுத்துறையில் ஒன்று ஒட்டினேன்.
பாயான் லெப்பாஸில் ஆலைப் பேருந்து நிற்குமிடத்தில் ஒன்று.
பிறையில், மாமாக் கடைக் கழிப்பறைக் கதவின்
உட்புறம் ஒன்று.
திங்கள்தோறும் போய் எண்ணுவேன்.
கழிப்பறைக் கதவில் மட்டும்
ஏழு பல் விழுந்திருந்தது.

முதல் வரைவில் ‘மனம் லேசாக’ என்று எழுதியிருந்தேன்.
நெறிமுறைக் குழு சிவப்பில் அடித்தது:
வாக்குறுதி கூடாது.
‘மனசு சரியில்லையா?’ என்று மாற்றினேன்.
சரிபார்க்க மலாய்க்குப் போன வாசகம்
‘உங்கள் மனம் பிழையானதா?’ என்று திரும்பி வந்தது.
மறுபடி சிவப்பு.
கடைசியில் நின்றது ‘மனச்சோர்வு’.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை
ஒருவரும் வாயால் சொன்னதில்லை.
மூன்று மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தபோதும்
அப்பாவுக்கு அது
உடம்பு அசதி.

தமிழ் பேசுவோர் முப்பது பேர் வேண்டும்.
மார்ச் முடிகையில் பதினொன்று.
டாக்டர் கூ திரையில் காட்டுகிறார்:
மற்ற கோடுகள் ஏறுகின்றன,
எங்கள் கோடு தரையோடு படுத்திருக்கிறது.
உங்க ஆளுங்களுக்குக் கவலையே இல்லையா என்று சிரித்தார்.
நானும் சிரித்து வைத்தேன்.

புதன் இரவு ஒருவர் அழைத்தார்.
தனபாலன். லோரி ஓட்டுநர். ஐம்பத்து மூன்று.
“போக்குவரத்துக்கு அம்பது வெள்ளின்னு போட்டிருக்கே, மெய்யா?”
மெய்தான்.
“எவ்வளவு கவலை இருக்கணும்?”
பத்துக்கும் பத்தொன்பதுக்கும் நடுவே.
“கூட இருந்தா?”
வேறு இடத்துக்கு அனுப்புவோம்.
“கொறைவா இருந்தா?”
நன்றி சொல்லி வைத்துவிடுவோம்.
“லோரிக்கு எடை போடுற மாதிரிதான்.”

பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை என்றேன்,
யாருக்கு எதுவென்று எனக்கும் தெரியாது.
கொஞ்ச நேரம் வண்டிச் சத்தம்.
“வெறும் மாத்திரைக்காரனுக்கும்
வாராவாரம் போன் போடுவியாம்மா?”
போடுவேன்.
“அப்ப எதுவா இருந்தாலும் சரி.”

ஒன்பது கேள்வி.
தூக்கம்: மூன்று.
பசி: “பசியாறுறதே நின்னுபோச்சு, தே மட்டும்தான்.” மூன்று.
எட்டுவரை கூட்டினேன், பதினேழு.
வந்துவிட்டார் உள்ளே.
பன்னிரண்டாம் வரிசையில்
என் பேனா ‘த’ எழுதிவிட்டது.

ஒன்பதாவதை
அதே குரலில்தான் கேட்க வேண்டும்,
இறங்காமல், ஏறாமல்; பயிற்சி அப்படி.
செத்துப்போனால் தேவலை என்று
எத்தனை நாள் தோன்றியது?
எஞ்சின் நின்றது.
“தினமும்” என்றார்,
ஊர்ப்பெயர் கேட்டால் சொல்வதுபோல.

பதினேழும் மூன்றும் இருபது.
விதிப்புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று:
சேர்க்காதே.
பொறுப்பு மருத்துவரை அழை.
இணைப்பைத் துண்டிக்காதே.

ஒரு காதில் மருத்துவர், ஒரு காதில் அவர்.
எங்கே நிற்கிறீர்கள்? சாய் லெங் பார்க் பக்கம்.
யாரைக் கூப்பிடலாம்? மச்சானை.
மச்சான் வர இருபத்தாறு நிமிடம்.
அதுவரை டயர் விலை பேசினோம்.
ஈப்போவில் பிடித்த மழை.
ஏற்றியிருந்த சரக்கு,
பிளாஸ்டிக் நாற்காலி நானூறு.
“யார் வீட்டுக் கல்யாணமோ” என்றார்.
பிறகு,
“அப்ப நான் பாஸ் ஆவலியா?”
இல்லண்ணே.
“அம்பது வெள்ளி?”
அதுவும் இல்ல.
சிரித்தார். இருமலாகவும் இருக்கலாம்.
கதவு திறந்தது; யாரோ மூச்சிரைத்தார்கள்.

வெள்ளிக்கிழமை அறிக்கை.
தமிழ்: பதினொன்று.
விலக்கப்பட்டவர்: ஒன்று.
அந்த ‘த’வை
வெள்ளை மை பூசி மறைத்தேன்,
வெளிச்சத்தில் சாய்த்தால் தெரிகிறது.

வாராவாரம் அழைக்க வேண்டியோர் பட்டியலில்
அவர் இல்லை.
செவ்வாய், சாப்பாட்டு நேரம்,
என் சொந்தக் கைப்பேசி.
ஆறாவது மணியில் எடுத்தார்.
“வார்டுல இருக்கேம்மா.
நாற்காலி எல்லாத்தையும்
மச்சான் கொண்டுபோய் எறக்கிட்டான்.
ரெண்டு கொறையுதாம்.”